கையளவுக் கெண்டை

தென் லண்டனில் உள்ள கிளாப்பம் காமன் சுமார் 220 ஏக்கர் புல்வெளி. சுற்றிலும் சாலை, குறுக்கேயும் சாலை, ஓரத்தில் இரண்டு பாதாள ரயில் நிலையங்கள். உள்ளே இருக்கும் குளங்களில் லாங் பாண்ட் பொம்மைப் படகு விடுபவர்களுடையது. அந்த வழக்கம் அங்கே ஒரு நூற்றாண்டாகத் தொடர்கிறது. ஈகிள் பாண்டும் மவுண்ட் பாண்டும் தூண்டில்காரர்களின் பங்கு. நாயை நடத்திச் செல்பவர், குழந்தை வண்டி தள்ளுபவர், வியர்வை வழிய ஓடுபவர் என்று ஊரே கடந்துபோகிற கரையில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மீன்பிடிப்பதைப் பற்றிப் புத்தகங்கள் பாடுகிற தனிமை இங்கே கிடையாது. வாத்துக்கு எறிந்த ரொட்டி தக்கையின் மேல் வந்து விழும். "ஏதாவது மாட்டியதா?" என்று கேட்காமல் யாரும் நகர மாட்டார்கள்.

இந்தக் குளங்களில் 20 பவுண்டு வரை, அதாவது ஒன்பது கிலோ வரை எடையுள்ள கெண்டைகள் உண்டு என்பது தெரிந்த செய்தி. பலரை இங்கே இழுத்துவருவதும் அதுதான். ஆனால் நகரப் பூங்காக் குளம் எதுவானாலும், அங்கே தூண்டில் போட்டவன் கையில் பெரும்பாலும் அகப்படுவது கையளவு மீன். கெண்டைக்காகவே கூடாரம் அடித்து இரவெல்லாம் காத்துக் கிடக்கும் ஆங்கிலேயர்கள் சிறு கெண்டையை 'பேஸ்டி' என்று கேலி செய்வார்கள். பேஸ்டி என்பது உள்ளே கறி வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் மாவுப் பண்டம். பேஸ்டி மாட்டினால் படம் எடுக்க மாட்டார்கள், எடை பார்க்க மாட்டார்கள், அடுத்த இரையைக் கோத்துவிடுவார்கள். அவர்கள் அவசரத்தில் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. பெரிய கெண்டை தன் கதையை மட்டுமே சொல்லும். அது வாழ்கிற குளத்தின் கதை சின்னக் கெண்டையின் உடம்பில்தான் இருக்கிறது.

சின்ன அளவை வைத்துப் பெரிய விஷயத்தைப் பிடிப்பது கிளாப்பம் குளத்துக்குப் புதிதும் அல்ல. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் இருந்த காலத்தில், காற்றில் சிற்றலை அடித்துக்கொண்டிருந்த ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டுப் பார்த்தார். முதலில் காற்று போய்ச் சேரும் கரையில் விட்டார். அலை எண்ணெயைக் கரைக்கே திருப்பித் தள்ளியது. பிறகு காற்று வரும் கரைக்குப் போய் விட்டார். எண்ணெய் பரவிப் பரவி அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அலையில்லாமல் ஆக்கியது. அது மவுண்ட் பாண்ட்தான் என்பது பொதுவான கருத்து. 1774இல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தச் சோதனை அச்சானது. ஒரு நூற்றாண்டு கழித்து இயற்பியலாளர் ராலே பிரபு அதே வழியில் போய் எண்ணெய்ப் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்; மூலக்கூறின் அளவை மனிதன் தொட்டுப் பார்த்த முதல் கணக்குகளில் அதுவும் ஒன்று. பிராங்க்ளின் அப்படி ஒரு கணக்கைப் போடவில்லை. குளம் தன் பங்குக்குச் சொல்லிவிட்டிருந்தது.

சிறு கெண்டைக்கு வேண்டிய சாமான் கொஞ்சம். ரீல்கூடத் தேவையில்லை. மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள இலேசான கழி, அதன் நுனியில் நேராகக் கட்டிய மெல்லிய தங்கூசி, ஒல்லியான தக்கை, அதை நிமிர்த்தி நிறுத்த நாலைந்து ஈயமணி, எதிர்முள் இல்லாத சின்னத் தூண்டில் முள். இரைக்கு டின்னில் வரும் ஸ்வீட் கார்னில் ஒரே ஒரு மணி போதும். ரொட்டியைக் கசக்கி உருட்டினாலும் சரிதான். தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி ஈயமணிகளைக் கூட்டிக் குறைப்பதில்தான் வித்தை. சின்ன மீனின் தொடுகை அவ்வளவு இலேசானது. தக்கை அதிகமாக வெளியே நின்றால் மீன் வந்து போனதே தெரியாது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. வாய் முன்னால் நீண்டு சேற்றோடு சேர்த்து இரையை உறிஞ்சும். அண்ணத்தில் சுவையறியும் தசை ஒன்று இருக்கிறது. அது புழுவையும் விதையையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண்ணும் குப்பையும் வெளியே போய்விடும். பிடித்ததை அரைக்கிற பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நத்தை ஓட்டையே நொறுக்கக்கூடிய பற்கள். இரைப்பை என்று ஒன்று இல்லாததால் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று படுக்க வழியில்லை. நாளெல்லாம் மேய வேண்டும். சந்தேகப்பட்டதைத் துப்ப அதற்கு ஒரு நொடிகூடப் பிடிக்காது.

இவ்வளவும் தக்கையில் எழுத்தாகத் தெரியும். முதலில் தக்கைக்குப் பக்கத்தில் பொடிக் குமிழிகள் கொத்தாக மேலே வரும். கீழே சேறு கிளறப்படுகிறது. பிறகு தக்கை நடுங்கும். அது மீன் தின்பதல்ல, தங்கூசியில் உடம்பு உரசுவது. அப்போது அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள்தான் வரும். பொறுத்திருந்தால், தக்கை திடீரென்று ஒரு விரற்கடை உயர்ந்து பக்கவாட்டில் சாயும். அடியிலிருந்த கடைசி ஈயமணியை மீன் இரையோடு சேர்த்துத் தூக்கிவிட்டது என்று பொருள். அல்லது தக்கை சாய்கோணத்தில் வழுக்கிக்கொண்டே நீருக்குள் போகும். கழியை மணிக்கட்டால் உயர்த்த அதுதான் வேளை. கையளவு மீன்தானே என்று நினைப்பவனுக்கு அடுத்த அரை நிமிடம் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரோச் மீன் சுழன்று சுழன்று வரும். பிரீம் மீன் சீக்கிரம் சலித்துப் படுத்துவிடும். கெண்டை நாணல் வேரைக் குறிவைத்து நேராக ஓடும்.

பெரிய கெண்டை துப்புவதைத் தடுக்கவே ஒரு தொழில்நுட்பம் பிறந்தது. 1970களின் இறுதியில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரு ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் மீன் தொட்டியில் சோதித்து, இரையை முள்ளில் குத்தாமல் முள்ளுக்கு வெளியே ஒரு இழையில் தொங்கவிடும் முறையைக் கண்டார்கள். முதலில் பயன்படுத்திய இழை மனிதத் தலைமுடி. இரையை உறிஞ்சிய மீன் அதைத் துப்பும்போது முள் உதட்டில் ஏறிவிடும். இன்று உலகெங்கும் கெண்டைக்காரர்களின் பெட்டியில் அந்த முறைதான். பூங்காக் குளத்துக் கையளவு மீனுக்கு இந்தத் தந்திரம் வேண்டியதில்லை. யோசித்துத் துப்ப அதற்கு அவகாசம் இல்லை. பக்கத்தில் இன்னும் பத்து வாய்கள் காத்திருக்கின்றன.

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். பிடித்துப் பார்த்தால், மேலுதட்டின் ஓரத்தில் இரண்டு ஜோடி மீசை. வாலை நோக்கி நீண்டு ஓடும் முதுகுத் துடுப்பின் முதல் முள்ளில் ரம்பப் பல். வலையில் சிக்கினால் விடுவிக்க நேரம் பிடிப்பது அதனால்தான். சிலவற்றுக்கு உடம்பு முழுக்க ஒழுங்கான செதில், பித்தளை நிறம். சிலவற்றுக்கு முதுகோரம் மட்டும் பெரிய செதில்கள் நாலைந்து, மீதி வெறும் தோல். இவற்றைக் கண்ணாடிக் கெண்டை என்பார்கள். உதிர்ந்த செதில் ஒன்றை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். கோடையில் மீன் வளரும்போது வளையங்கள் விலகி விழுகின்றன. குளிர்காலத்தில் நெருங்கி ஒரு கருங்கோடாகிவிடுகின்றன. அந்தக் கோடுகளை எண்ணினால் வயது. குஞ்சு என்று நினைத்துக் கையிலெடுத்த மீன், அதை எடுத்த சிறுவன் பள்ளியில் சேர்ந்த வருடத்தில் பொரித்ததாகவும் இருக்கலாம்.

கெண்டையின் அளவை வயது தீர்மானிப்பதில்லை. தண்ணீரின் வெப்பம், தீனி, உடன் வாழ்கிற மீன்களின் எண்ணிக்கை, இந்த மூன்றுமே தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தில் வளர்ச்சி நடப்பது ஆண்டில் நாலைந்து மாதம்தான். நீர் குளிர்ந்த பிறகு மீன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர உடம்பு வைக்காது. தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டும் ஒரு வெதுவெதுப்பான வாரத்தில் பெண் மீன் கரையோரச் செடிகளில் முட்டையை ஒட்டவைக்கும். அதன் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் லட்சம் முட்டைக்கு மேல். வேட்டை மீன் இல்லாத குளத்தில் நல்ல கோடை ஒன்று வாய்த்தால் குஞ்சுகள் கூட்டமாகப் பிழைத்துவிடும். பிறகு எல்லாமாகச் சேர்ந்து சேற்றைக் கிளறும். நீர் கலங்கும், வெயில் அடிவரை இறங்காது, நீர்ச்செடி செத்துப்போகும், செடியில் வாழ்கிற பூச்சியும் நத்தையும் குறையும். தீனி இன்னும் சுருங்கும். தம்மைச் சிறியவையாக வைத்திருக்கும் வேலையில் பாதியை அந்த மீன்களே செய்துகொள்கின்றன. மீதிப் பாதி, குளத்தில் பெருகிவிட்ட எண்ணிக்கையை யாரும் எடுத்துக் குறைக்காததால் நடக்கிறது.

எதிர்ப்புறத்து உதாரணம் ஆங்கிலக் கெண்டைக்காரர்களின் புனிதத் தலமே. ஹியர்ஃபோர்ட்ஷையரில் உள்ள ரெட்மயர் குளம் சுமார் மூன்று ஏக்கர். நம்மூர்க் கண்ணுக்கு அது ஒரு குட்டை. 1934இல் டொனால்ட் லெனி என்ற மீன் பண்ணையாளர் அதில் 50 சிறு கெண்டைகளை விட்டார். ஐம்பதே ஐம்பது. 1952 செப்டம்பர் 13 அன்று விடியுமுன் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரொட்டியால் செய்த இரையில் அங்கே பிடித்த கெண்டை 44 பவுண்டு, 20 கிலோ. அதுவரை பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்று பரவலாக நம்பிக்கொண்டிருந்தார்கள். வாக்கர் பொறியாளர், தங்கூசி இழுபட்டால் ஒலிக்கும் மின்மணியைத் தாமே செய்திருந்தார். மீனை லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்தார். அங்கே கிளாரிஸா என்ற பெயரில் 1971 வரை அது தொட்டியில் வாழ்ந்தது. பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 1980 ஜூன் 16 அன்று கிறிஸ் யேட்ஸ் அதே குளத்தில் 51 பவுண்டு எட்டு அவுன்ஸ் கெண்டை ஒன்றைப் பிடித்தார். வாக்கரின் பொறுமை, யேட்ஸின் பொறுமை எல்லாம் பேசப்படுகின்றன, பேசட்டும். ஆனால் மூன்று ஏக்கருக்கு 50 மீன் என்ற கணக்கு இல்லாவிட்டால் இருவரும் பேஸ்டிகளோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு பெரிய கெண்டைக்குப் பெயர் வைக்கும் காலம் வந்தது. பீட்டர்பரோ பக்கத்து ஏரியில் வாழ்ந்த பென்சன் 60 தடவைக்கு மேல் தூண்டிலில் மாட்டி, படம் பிடிக்கப்பட்டு, திரும்ப விடப்பட்டது. 2009இல் அது செத்தபோது செய்தித்தாள்கள் இரங்கல் எழுதின. கென்ட் மாவட்டத்தின் கானிங்புரூக் ஏரியில் இருந்த டூ டோன் என்ற கண்ணாடிக் கெண்டை கிட்டத்தட்ட 31 கிலோ வரை வளர்ந்து நாட்டுச் சாதனையாக இருந்தது. அடுத்த ஆண்டு அதுவும் போனது. பெயருள்ள மீனைப் பிடிப்பவன், வேறொருவன் ஏற்கெனவே பிடித்த மீனை, அதே ஏரியில், அதே பெயரில் மறுபடி பிடிக்கிறான். அதில் திறமை இருக்கலாம். கண்டுபிடிப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1939இல் எழுதிய 'கமிங் அப் ஃபார் ஏர்' நாவலின் நாயகன் ஜார்ஜ் பவுலிங்கும் பெரிய மீனின் பிடியில் சிக்கியவன்தான். சிறுவயதில் ஒரு பழைய மாளிகையின் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத குளத்தில், ராட்சதக் கெண்டைகள் மிதப்பதைப் பார்க்கிறான். தூண்டிலோடு திரும்பி வர வேண்டும் என்று நினைத்தபடியே வயதாகிவிடுகிறது. நடுவயதில் அங்கே போனால் குளத்து நீரை வடித்து, அதைக் குப்பை கொட்டும் பள்ளமாக்கியிருக்கிறார்கள். ஆர்வெலுக்கு மீன்பிடிப்பதில் உண்மையான பிரியம் உண்டு என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. பவுலிங் அந்தக் குளத்தில் கடைசிவரை ஒரு தக்கையைக்கூட மிதக்கவிடவில்லை என்பதும் தெரிகிறது.

இங்கிலாந்துக் குளங்களில் இன்னொரு கெண்டை இருக்கிறது, குரூசியன். மீசை கிடையாது, உருண்டையான பொன்னிற உடம்பு, பெரும்பாலும் கையளவைத் தாண்டாது. குளத்தின் கதையை உடம்பில் எழுதிக்கொள்வதில் இது சாதாக் கெண்டையையும் மிஞ்சியது. குளத்தின் மேல் பனி மூடி, ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்த நீரிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். சாராயம் காய்ச்சிக் குளிர்காலத்தைக் கடக்கிற மீன் என்றாலும் தவறில்லை. 1992இல் ஸ்வீடன் நாட்டுக் குளங்களில் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. குளத்தைத் திரையால் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் பைக் எனப்படும் வேட்டை மீனை விட்டார்கள். சில மாதங்களில் பைக் இருந்த பக்கத்துக் குரூசியன்களின் உடம்பு மேலும் கீழும் அகன்று உயரமாகிவிட்டது. வேட்டை மீனின் வாய்க்குள் அடங்காத அளவு. பைக் இல்லாத பக்கத்தில் ஒல்லியான சின்ன மீன்கள் ஏராளம். ஆக, ஒரு குரூசியனின் வடிவத்தைப் பார்த்தே குளத்தில் எதிரி இருக்கிறதா என்று ஊகிக்கலாம்.

கிளாப்பத்திலிருந்து அதே நார்தர்ன் பாதையில் தெற்கே சில நிறுத்தங்கள் போனால் டூட்டிங். கடைப் பலகைகளில் தமிழ், பெட்டியில் ஐஸ் போட்ட மீன். அங்கிருந்து குளக்கரைக்கு வந்து நிற்கும் எவருக்கும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: பாடுபட்டுப் பிடித்துவிட்டு ஏன் திரும்ப விடுகிறார்கள்? சட்டம் ஒரு பதில். பிறருக்குச் சொந்தமான நீரில் அனுமதியில்லாமல் மீன் எடுத்துப்போவது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் குற்றம். பதின்மூன்று வயது நிரம்பிய யாரும் உரிமம் இல்லாமல் கழி எடுக்கவே கூடாது. பதினாறு வயதுவரை உரிமம் இலவசம், ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு பதில், ஆங்கிலேயர்கள் கெண்டையைத் தின்பதையே மறந்துவிட்டார்கள் என்பது. ஐரோப்பாவின் டான்யூப் பக்கத்திலிருந்து இந்த மீன் இங்கிலாந்துக்கு வந்தது சாப்பாட்டுக்காகத்தான். 1496இல் அச்சான தூண்டில் நூல், நாட்டில் கெண்டை அரிது என்கிறது. கடல்மீன் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சேற்று வாடை வீசும் குளத்து மீனை ஏன் தொட வேண்டும்?

மத்திய ஐரோப்பா மறக்கவில்லை. செக் நாட்டின் ட்ரெபோன் வட்டாரத்தில் யாகூப் கர்ச்சீன் கட்டிய ரோஸ்ம்பெர்க் ஏரி 1590இல் முடிந்தது, இன்றும் இலையுதிர்காலத்தில் நீர் வடித்துக் கெண்டை அள்ளுகிறார்கள், கிறிஸ்துமஸ் விருந்துக்கு. அந்த ஊர்க்காரர்களுக்கு நெரிசல் கணக்கு நன்றாகவே தெரியும். முதல் வருடக் குஞ்சு ஒரு குளம், இரண்டாம் வருட மீன் வேறு குளம் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மூன்று நான்கு ஆண்டில் இரண்டு கிலோவைத் தாண்டிச் சந்தைக்கு வரும். அந்தப் பக்கத்திலிருந்து லண்டனுக்கு வேலைக்கு வந்தவர்கள் பூங்காக் குளத்துக் கெண்டையை வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்து ஆங்கிலத் தூண்டில்காரர்களோடு மனத்தாங்கல் ஏற்பட்டதும் உண்டு. இரு தரப்பு நியாயத்தையும் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நிலைமை தலைகீழ்: அங்கே பரவி ஆறுகளைக் கலக்கிய இந்த மீனைப் பிடித்தபின் உயிரோடு திரும்ப விடுவதுதான் குற்றம்.

தமிழ்நாட்டுக்குக் கண்ணாடிக் கெண்டை வந்தது 1939இல், இலங்கை வழியாக, நீலகிரிக்கு. குளிர்நீரில் வளரும் என்பதால் ஊட்டி ஏரிக்கு ஏற்றதாகப்பட்டது. வெப்பமான சமவெளிக்கு வேறு வகைச் சாதாக் கெண்டை 1957இல் பாங்காக்கிலிருந்து வந்தது. இன்று கட்லா, ரோகு, மிர்காலோடு சேர்த்துப் பண்ணைக் குட்டைகளில் விடுகிறார்கள். நம் வெயிலில் அது ஒரே வருடத்தில் கிலோவைத் தொடும்.

ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பக்கத்துப் பண்ணையாளர்கள் கெண்டை வளர்ப்பில் செய்கிற ஒரு வேலையை லண்டன் தூண்டில்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கட்லா, ரோகுக் குஞ்சுகளை வேண்டுமென்றே ஒரு சின்னக் குளத்தில் நெருக்கி அடைத்து, உயிர் தரிக்கிற அளவுக்கு மட்டும் தீனி போட்டு, ஏறக்குறைய ஒரு வருடம் குறுக்கியே வைத்திருப்பார்கள். வயது ஏறும், உடம்பு ஏறாது. பிறகு எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய குளத்தில் விட்டுத் தீனி போட்டால், அடக்கிவைத்த வளர்ச்சியெல்லாம் சேர்த்து அந்த மீன் வேகமாகப் பருக்கும். நாரையும் கொக்கும் கொத்திப்போகிற குஞ்சுப் பருவத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டதால் இழப்பும் குறைவு. அதனால் அந்தப் பருவத்தில் பொரித்து வளர்ந்த விரலளவுக் குஞ்சைவிட, இப்படி ஒரு வருடம் பட்டினி கிடந்த குறுகிய மீனுக்கு அங்கே விலை அதிகம்.